ஏரிக்கு ஏற்ற படகு

பான்டூன் படகு சிறந்ததா, டெக் படகு சிறந்ததா என்று ஒருவர் என்னை வினவினால், "எந்த நீரில் செலுத்தப் போகிறீர்கள்?" என்றே நான் முதலில் கேட்பேன். இவ்விரு படகுகளின் வரலாறும் அவ்வினாவில் அடங்கியுள்ளது.

அமெரிக்காவில் ஏரிகள் மலிந்த மின்னசோட்டா மாநிலத்தில், ரிச்மண்ட் என்னும் சிற்றூரில், ஆம்புரோஸ் வீர்ஸ் என்ற உழவர் வாழ்ந்தார். 1952ஆம் ஆண்டளவில் அவர் எஃகுப் பீப்பாய்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைத்து, இரு வரிசைகளாக்கி, அவற்றின்மீது மரத்தளம் அமைத்தார். சிறு படகில் ஒருவர் எழுந்து நின்றாலே அது தள்ளாடும். இதிலோ மிதவைகள் விலகி நிற்பதால், தளம் ஒருபுறம் சாயும்போது அப்புறத்து மிதவை ஆழ அமிழ்கிறது; நீரின் உந்துதல் மிகுந்து, தளம் மீண்டும் நிமிர்கிறது. முதியோரும் குழந்தைகளும் அச்சமின்றி ஏரியில் உலவ இவ்வமைப்பு வழிசெய்தது.

ஆயினும் பேரலைகளுக்கு அது ஏற்றதன்று. விரைவும் எளிய திருப்பமும் வேண்டுவோருக்கு உகந்தது டெக் படகு. அதன் ஒற்றை அடிப்பகுதி ஆப்புப்போல் அலையைப் பிளக்கும். மேல்தளமோ பலர் அமருமாறு முன்புறம் வரை அகன்றிருக்கும். பின்னாளில் மூன்றாம் மிதவை பெற்ற பான்டூன்களும் விரைவில் முன்னேறின.

எனவே, அமைதியான ஏரியில் குடும்பத்தோடு உலவப் பான்டூனும், அலைமிகுந்த நீரில் விரைந்து செல்ல டெக் படகும் பொருந்தும் என்பேன். எதில் ஏறினும், படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றாதிருப்பதே அறிவுடைமை.