ஹார்மன் இலக்கு வளைகோடு

ஹெட்போன் எந்த அதிர்வெண்ணை எவ்வளவு தூக்கி ஒலிக்க வேண்டும் என்பதற்கான அளவுகோல்களில் அதிகம் பேசப்படுவது. அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி முதலானோர் 2012 வாக்கில் தொடங்கிய கேட்புச் சோதனைகளில் உருவானது. 2018இல் திருத்தம் பெற்றது.

மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இவை யாவும் செவிப்பறையைச் சம அளவில் எட்டினால் நல்ல ஒலி கிடைக்கும் என்று தோன்றலாம். கிடைக்காது. எதிரே ஸ்பீக்கர் பாடும்போது செவிமடலும் காதுக்குழாயும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை 10 டெசிபலுக்கு மேல் கூட்டிவிடுகின்றன. மூளை பழகியிருப்பது அதற்குத்தான். ஆகவே ஹெட்போனில் கேட்கும்போதும் செவிப்பறையில் அந்த மேடு இருந்தாக வேண்டும். குறைந்தால் குரல் மங்கும், மிஞ்சினால் வயலின் காதைக் குத்தும்.

நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் தரும் ஒலியே ஹார்மனின் முன்மாதிரி. அறையில் பாஸ் இயல்பாகவே கூடும்; அதனால் வளைகோட்டிலும் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாஸ் சில டெசிபல் உயர்கிறது. சென்ஹைசர் எச்.டி. 600 நடுப்பகுதியில் இதற்கு நெருக்கம்; அடிமட்ட பாஸில் தளர்ந்துவிடும். பாஸும் ட்ரெபிளும் (உயர் அதிர்வெண் ஒலியும்) உயர்ந்த ‘வி’ வடிவ ஒலி முதலில் கவரும், நெடுநேரம் கேட்டால் பலருக்கு அலுக்கும்.

இந்த வளைகோடு சராசரி விருப்பமே. சோதனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கூடுதலாகவோ குறைவாகவோ பாஸ் கேட்டார். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கவனிக்க: ஹெட்போனின் காது மெத்தைக்கும் தோலுக்கும் இடையே சிறு இடைவெளி விழுந்தாலே, மூடிய ஹெட்போன்களில் முதலில் குறைவது பாஸ்தான்.