செங்கல் ஆன ரவுட்டரும் கொல்லைப்புறக் கதவும்

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டு உட்காருங்க.

ரவுட்டரை நோண்டுற ஆளுங்க மத்தியில ஒரு சொல் உண்டு: "பெட்டி செங்கல் ஆயிடுச்சு". கரண்ட் குடுத்தா விளக்கு எரியும். இல்லன்னா ஒரே ஒரு விளக்கு மட்டும் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கும். 192.168.1.1-னு அடிச்சா பதில் வராது. நிஜச் செங்கல்லா இருந்தா சுவர் கட்டவாவது உதவும், இது அதுக்கும் ஆகாது :-)

2017 ஜூலை கடைசியில நம்ம நாட்டுல இது கூட்டமா நடந்துச்சு. பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் இணைப்புகள்ல அறுபதாயிரம் மோடத்துக்கு மேல பாதிக்கப்பட்டதா செய்தி வந்துச்சு. அதைச் செஞ்ச நிரலோட பேரே "ப்ரிக்கர்பாட்", அதாவது செங்கல் ஆக்கி. பிஎஸ்என்எல் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன அறிவுரை ஒண்ணுதான்: மோடத்தோட பழைய கடவுச்சொல்லை உடனே மாத்துங்க.

அந்தச் செய்தியை அன்னைக்கு எல்லாரும் "வைரஸ் வந்துச்சாம்" னு படிச்சுட்டு மறந்துட்டோம். ஆனா அதுக்குள்ள ரெண்டு கேள்வி ஒளிஞ்சிருக்கு. பூட் ஆகாத பெட்டிக்குள்ள திரும்ப நுழைய ஒரு கதவு இருக்கா? இருந்தா, அந்தக் கதவோட சாவி யார்கிட்ட இருக்கு? இந்த ரெண்டுக்கும் நாப்பது வருஷத்துக்கு மேலான வரலாறு இருக்கு. பதிவு அதைப் பத்தித்தான்.

பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

வரலாற்றுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம். ரவுட்டர்ங்கிறது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதோட ஃப்ளாஷ் சிப்புல மூணு அடுக்கு இருக்கும். முதல்ல பூட்லோடர். கரண்ட் வந்ததும் கண்ணு முழிக்கிற ஆள் இவர்தான், பல பழைய பெட்டிகள்ல சில நூறு கேபி கூட தேறாது. அடுத்தது ஃபர்ம்வேர், அதாவது அசல் இயங்குதளம். மூணாவது நாம போட்டு வச்ச அமைப்புகள், கடவுச்சொல் எல்லாம்.

வியாதியும் அதே மாதிரி மூணு வகை. அமைப்பு கெட்டா ரீசெட் பட்டன் போதும். ஃபர்ம்வேர் கெட்டா (அப்டேட் நடுவுல கரண்ட் போறதுதான் பெரும்பாலும் காரணம்) பூட்லோடர் உயிரோட இருக்கும், அவரைக் கூப்பிட்டுப் பேசத் தெரியணும். பூட்லோடரே போயிட்டா ஆபரேஷன்தான்.

1981: "அற்பமான" ஒரு நெறிமுறை

இன்னைக்கும் செத்த ரவுட்டரை எழுப்ப நாம பயன்படுத்துற டிஎஃப்டிபி 1981 ஜூன்ல ஆர்எஃப்சி 783 ஆக வெளிவந்துச்சு. எழுதினவர் எம்ஐடி-யில இருந்த காரன் சொல்லின்ஸ். பேர்லயே "ட்ரிவியல்" இருக்கு, அற்பமானதுன்னு அர்த்தம். கோப்பை 512 பைட் துண்டா நறுக்கி ஒவ்வொண்ணா அனுப்பும். "வந்துச்சு" னு மறுமுனை சொன்னாதான் அடுத்த துண்டு. பயனர் பேர் கிடையாது, கடவுச்சொல் கிடையாது, என்னென்ன கோப்பு இருக்குன்னு பாக்குற வசதி கூட கிடையாது.

இவ்வளவு மொட்டையா வச்சதுக்குக் காரணம் உண்டு. டிஸ்க் இல்லாத ஒரு மெஷின் தன் இயங்குதளத்தை நெட்வொர்க் வழியா வாங்கி எழுந்திருக்கணும்னா, அந்த நிரல் சின்ன ராம் சிப்புக்குள்ள (படிக்க மட்டுமே முடியிற சிப்பைச் சொல்றேன்) அடங்கணும். அழகெல்லாம் பார்த்தா அடங்காது. அந்தச் சிக்கனத்தாலதான் பின்னாடி வந்த மலிவு விலை ரவுட்டர் பூட்லோடர்கள்லயும் இது சுலபமா இடம் பிடிச்சுச்சு.

சிஸ்கோ சொன்ன விதி: தொட முடிஞ்சவன் திறக்கலாம்

1984-ல ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த லெனர்ட் போசாக், சாண்டி லெர்னர் தம்பதி ஆரம்பிச்சது சிஸ்கோ. காலேஜ்ல சிசிஎன்ஏ படிச்ச மக்களுக்கு அதோட பாஸ்வேர்ட் ரெக்கவரி ஞாபகம் இருக்கும். வெளிர் நீலக் கன்சோல் கேபிளைச் சொருகி, 9600 வேகத்துல டெர்மினலைத் திறந்து, ரவுட்டரை அணைச்சுப் போடணும். எழுந்த முதல் அறுபது நொடிக்குள்ள பிரேக் விசையைத் தட்டினா ராம்மான் முனைக்கு வந்து நிக்கும். அங்க கான்ஃபிக் ரெஜிஸ்டரை 2142-னு மாத்தினா, அடுத்த தடவை பூட் ஆகும்போது சேமிச்ச அமைப்பைப் படிக்காம எழுந்திருக்கும். உள்ள போய், பழைய அமைப்பை ஏத்திக்கிட்டு, புதுக் கடவுச்சொல் போட்டு, ரெஜிஸ்டரைத் திரும்ப 2102 ஆக்கிட்டா வேலை முடிஞ்சுது.

முதல் தடவை படிக்கிறப்ப "என்னய்யா இது, யார் வேணாலும் உள்ள வந்துடலாமே" னு தோணும். உத்துப் பாருங்க. கேபிள் சொருகணும், பெட்டியை அணைக்கணும். ரெண்டுக்கும் ஆள் நேர்ல போயாகணும். கடவுச்சொல்லை மறந்த சொந்தக்காரனுக்கு வழி விடணும், தூரத்துல இருக்கிற திருடனுக்கு விடக்கூடாது. ரெண்டையும் பிரிக்கிற கோடு, பெட்டியைக் கையால தொட முடியுதாங்கிறது. நான் பார்த்த வரையில இந்த மொத்த வரலாற்றுலயும் இதை விட நியாயமான விதி இன்னொண்ணு இல்ல.

2002: நீலப் பெட்டி

அடுத்த கட்டம் வீட்டு ரவுட்டர். லிங்க்சிஸ் நிறுவனத்தோட டபிள்யூஆர்டி54ஜி 2002 டிசம்பர்ல வந்துச்சு. 4 எம்பி ஃப்ளாஷ், 16 எம்பி நினைவகம், நீலமும் கறுப்புமா ஒரு பெட்டி, ரெண்டு ஆன்டெனா. 2003 மார்ச்ல லிங்க்சிஸை வாங்கப் போறதா சிஸ்கோ அறிவிச்சுச்சு, விலை சுமார் 50 கோடி டாலர். அதே வருஷ நடுவுல, பெட்டிக்குள்ள ஓடுறது லினக்ஸ்னு வெளியாட்கள் கண்டுபிடிச்சுட்டாங்க. ஜிபிஎல் உரிமப்படி மூல நிரலை வெளியிடணும்னு சத்தம் கிளம்பி, நிறுவனமும் வெளியிட்டுச்சு. அதை வச்சு 2004 ஜனவரியில தொடங்கினதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. பேர்லயே அந்த ரவுட்டரோட பேர் ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க.

சொந்த ஃபர்ம்வேர் ஏத்த ஆரம்பிச்சதும் செங்கல்லும் பெருகுச்சு. தப்பிக்கிற வழிகளும் கூடவே பெருகுச்சு. மூணு சொல்றேன்.

ஒண்ணு, "பூட் வெயிட்". இதை முன்கூட்டியே இயக்கி வச்சா, பூட்லோடர் ஒவ்வொரு தடவையும் சில நொடி நின்னு, யாராவது டிஎஃப்டிபி-ல புது ஃபர்ம்வேர் தர்றாங்களான்னு பாத்துட்டுத்தான் போகும். பெட்டியை ஆன் பண்ற அதே கணத்துல கோப்பை அனுப்பிக்கிட்டே இருக்கணும். இதுல ஒரு வேடிக்கை உண்டு. இதை இயக்க ஆரம்பத்துல பயன்பட்டது, ரவுட்டரோட பிங் பக்கத்துல இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டை. திருடன் நுழையக்கூடிய ஓட்டை வழியாப் போய்த்தான் சொந்தக்காரன் தன் கொல்லைப்புறத் தாழ்ப்பாளைத் திறந்து வச்சான்.

ரெண்டு, ஊசி வைத்தியம். பூட் வெயிட் இயக்காத பெட்டியில, ஃப்ளாஷ் சிப்போட 15, 16-ஆம் கால்களை ஒரு ஊசி முனையால தொட்டு இணைச்சபடியே கரண்ட் குடுப்பாங்க. ஃபர்ம்வேரைப் படிக்கிறப்ப சரிபார்ப்புத் தொகை தப்பா வரும். பூட்லோடர் "இது கெட்டுப் போச்சு" னு முடிவு பண்ணி டிஎஃப்டிபி-க்குக் காத்திருக்கும். கை நடுங்கினா சிப்பே போயிடும், நெஞ்சுறுதி உள்ளவங்க வேலை.

மூணு, ஜேடேக். 1990-ல ஐஈஈஈ 1149.1 தரமா வந்த இது, சர்க்யூட் போர்டைத் தொழிற்சாலையில சோதிக்கப் பொறந்த வழி. டபிள்யூஆர்டி54ஜி போர்டுல 12 ஓட்டை உள்ள ஒரு இடம் விட்டிருந்தாங்க. பழைய பிரிண்டர் போர்ட்டுல நாலு 100 ஓம் ரெசிஸ்டர் வச்சு ஒரு கேபிள் செஞ்சா, பூட்லோடரே செத்த பெட்டிக்கும் உயிர் குடுக்கலாம். சில ரூபாய் ரெசிஸ்டர், பொறுமை மட்டும் கிலோக்கணக்குல வேணும்.

2005 கடைசியில அஞ்சாவது பதிப்புல லினக்ஸை எடுத்துட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் போட்டு, ஃப்ளாஷை 2 எம்பி ஆக்கிட்டாங்க. நோண்டுற மக்களுக்குன்னு லினக்ஸோட டபிள்யூஆர்டி54ஜிஎல் தனியா வந்துச்சு. கதவை விரும்புற வாடிக்கையாளரும் இருக்காங்கன்னு ஒரு நிறுவனம் ஒத்துக்கிட்ட தருணம் அது.

நம்மூர்ப் பக்கம்

நம்மூர்ல ஃபர்ம்வேருக்கு முதல் எதிரி ஹேக்கர் இல்ல, மின்வெட்டு. 2012 வாக்குல சென்னைக்கு வெளியில எத்தனை மணி நேரம் கரண்ட் போச்சுன்னு யாருக்கும் நான் சொல்லத் தேவையில்ல. இப்ப நிலைமை எவ்வளவோ தேவலாம், ஆனா போற கரண்ட் சொல்லிட்டா போகுது?

சோழவந்தான்ல எங்க மாமா வீட்டுல ஒரு பழைய ரவுட்டர் அப்படித்தான் போச்சு. அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கப்ப கரண்ட் கட். "மாப்ள, இத எறிஞ்சிரவா, இல்ல பழைய இரும்புக்குப் போட்டுரவா?" னு கேட்டார். "கொஞ்சம் இருங்க மாமா" னு வாங்கி, லேப்டாப்ல டிஎஃப்டிபி சர்வரை ஓட விட்டு, ரீசெட்டை அழுத்திப் பிடிச்சபடி ஆன் பண்ணினேன். இந்தப் பெட்டி நீலப் பெட்டிக்கு நேர் எதிர். தானே கேட்டு வாங்குற ரகம். இந்த முகவரியில இந்தப் பேர்ல கோப்பு வேணும்னு அதுவே கேட்டது நெட்வொர்க் பதிவுல வரி வரியா தெரிஞ்சுது. முகவரியையும் பேரையும் அது கேட்டபடியே வச்சேன். நாலு நிமிஷத்துல விளக்கெல்லாம் வரிசையா எரிஞ்சுது. 1981-ல எழுதின விதிப்படி, 512 பைட் 512 பைட்டா, வைகைக் கரையில ஒரு பெட்டி எழுந்திருச்சு. மாமா சொன்னது: "பரவாயில்லடா, இஞ்சினியரிங் படிப்பு வீண் போகல" :-)

திருடன் வந்தது வேற வழி

இப்ப ப்ரிக்கர்பாட்டுக்கு வருவோம். 2016-ல மிராய்ங்கிற நிரல், அறுபத்துச் சொச்சம் ஆரம்பக் கடவுச்சொற்களை வச்சே ஏராளமான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடிச்சுச்சு. நவம்பர் 2016-ல அதோட ஒரு வகை தாக்கி, ஜெர்மனியில டாய்ச்ச டெலிகாமோட 9 லட்சம் வாடிக்கையாளர்களோட ரவுட்டர் தடுமாறுச்சு. ஆனா அது நினைவகத்துல மட்டும் தங்குற ரகம், அணைச்சுப் போட்டாலே போயிடும்.

2017 ஏப்ரல்ல ராட்வேர் நிறுவனம் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்த ப்ரிக்கர்பாட் வேற ரகம். அதே ஆரம்பக் கடவுச்சொல்லை வச்சு டெல்நெட்ல நுழைஞ்சு, ஃப்ளாஷ் மேலயே குப்பையை எழுதிடும். அதைச் செஞ்சதாச் சொன்ன "ஜேனிட்டர்" ங்கிற புனைபெயர்க்காரர், மிராய் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஓட்டைப் பெட்டிகளைக் கொன்னு இணையத்துக்குக் கீமோதெரபி பண்றேன்னார். வைத்தியம் பண்றவர் நோயாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கவனிங்க: நீலப் பெட்டியோட ஊசியோ, சிஸ்கோவோட கேபிளோ, மாமா வீட்டு டிஎஃப்டிபி-யோ இதுக்கு வழி விடல. அதெல்லாம் ஆள் பக்கத்துல இருந்து திறக்கிற கதவு. திருடன் வந்தது வாசல் வழியா. இணையத்தைப் பார்த்துத் திறந்து கிடந்த வாசல், எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி.

2023 அக்டோபர்ல அமெரிக்காவுல இன்னும் மோசம். ஒரே இணைய நிறுவனத்தோட 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் 72 மணி நேரத்துக்குள்ள செத்துப் போச்சு. வீடு வீடா புதுப் பெட்டி மாத்த வேண்டியதாச்சு.

எந்தக் கதவை மூடுறது?

இதுக்கெல்லாம் பதில்னு நிறுவனங்கள் செய்யிறது, எங்க கையெழுத்து இல்லாத ஃபர்ம்வேரை பூட்லோடர் ஏத்தாதுங்கிற பூட்டு. பாதுகாப்புக்கு நல்லதுதான், மறுக்கல. ஆனா அந்த நிறுவனம் ஆதரவை நிறுத்தின அடுத்த நாள், நாம காசு குடுத்து வாங்கின பெட்டிக்கு நம்மகிட்ட சாவி இல்ல. 2016-ல அமெரிக்க எஃப்சிசி-யோட ஏற்பட்ட ஒரு உடன்பாட்டுல டிபி-லிங்க் 2 லட்சம் டாலர் கட்டினதோட, மத்தவங்க எழுதுற ஃபர்ம்வேருக்கு வழி விடவும் ஒத்துக்கிச்சு. அலைவரிசை விதியைக் காப்பாத்தணும்னா மொத்தக் கதவையும் சாத்தணும்னு அவசியமில்லன்னு அரசாங்கமே சொன்ன மாதிரி ஆச்சு.

2024 நவம்பர்ல வந்த ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் இதுக்கு அழகான விடை. ரெண்டு தனித்தனி ஃப்ளாஷ், பெட்டியில ஒரு சின்ன ஸ்விட்ச். ஒரு ஃப்ளாஷ்ல என்ன கூத்து அடிச்சாலும், ஸ்விட்சைத் தள்ளினா எழுத்துப் பாதுகாப்போட இருக்கிற இன்னொண்ணுல இருந்து மீட்டுக்கலாம். அந்த ஸ்விட்சைத் தள்ள விரல் வேணும், எந்த நாட்டு ஹேக்கராலயும் தூரத்துல இருந்து தள்ள முடியாது. சிஸ்கோவோட பிரேக் விசை சொன்ன அதே பழைய விதி.

கண்மாய் மடையை எப்பத் திறக்கணும்னு தெரிஞ்ச ஆள் ஊருக்குள்ள இருக்கணும், சாவி கலெக்டர் ஆபீஸ்ல இருந்தா பயிர் காஞ்சுடும். அதுக்காக மடையைத் திறந்தே போட்டா கண்மாய் காலி. ரவுட்டருக்கும் இவ்வளவுதான் கணக்கு.

வீட்டுல பெட்டி நல்லா இருக்கிறப்பவே மூணு வேலை செஞ்சு வைங்க. ஆரம்பக் கடவுச்சொல்லை மாத்துங்க. வெளியில இருந்து நிர்வாகம் பண்ற வசதியை அணைங்க. உங்க மாடலுக்கான மீட்பு வழியையும் ஃபர்ம்வேர் கோப்பையும் ஒரு பென்டிரைவ்ல போட்டு வைங்க, ரவுட்டர் செத்த பிறகு அதைத் தேட நெட் இருக்காது!

டிஸ்கி: ஊசி வைத்தியத்தை யாரும் வீட்டுல முயற்சி பண்ண வேண்டாம். பண்ணிப் பிழைச்சவங்க பின்னூட்டத்துல கதையைச் சொல்லிட்டுப் போங்க.