புல்வெட்டும் டிராக்டரின் கதை

மனிதன் தன் கையுழைப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்த வரலாற்றில், நெசவாலைக்கும் நீராவி எஞ்சினுக்கும் உரிய இடத்தைப் பள்ளிப் புத்தகங்கள் தவறாமல் தருகின்றன. புல்வெட்டும் இயந்திரத்தை அவை நினைப்பதில்லை. ஆயினும் அதன் வரலாறு சுவையானது. பழைய வண்டி ஒன்றை விலைக்கு வாங்க எண்ணுவோருக்கு அது பயன் தருவதும் ஆகும்.

முன்னாளில் இங்கிலாந்து நாட்டுச் செல்வர் மாளிகைகளின் புல்தரையை நீண்ட பிடியுள்ள அரிவாள்களால் வெட்டினர். பனியீரம் உலர்வதற்கு முன்பே வேலையை முடிக்க வேண்டும்; உலர்ந்த புல் அரிவாளுக்கு எளிதில் இணங்காது. ஸ்ட்ரௌட் என்னும் ஊரில் வாழ்ந்த எட்வின் பட்டிங் 1830-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். அவ்வூர்க் கம்பளி ஆலைகளில், சுருள் அலகுகள் பொருத்திய உருளை ஒன்று துணியின் மேல் எழுந்து நிற்கும் மயிரைக் கத்தரித்துச் சமப்படுத்தும். துணிக்கு உதவிய அவ்வமைப்பையே அவர் தரைக்கு உரியதாக மாற்றினார். முதலில் மனிதர் தள்ளினர்; பின்னர், குளம்பு தரையில் பதியாதபடி தோலுறை அணிந்த குதிரைகள் இழுத்தன. 1893-இல் நீராவியும், 1902-இல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் கம்பெனியின் பெட்ரோல் எஞ்சினும் அவ்வேலையை ஏற்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் புறநகர்கள் பெருகின. வீடுதோறும் புல்தரை அமைந்தது. பரந்த தரை உடையவர்கள் அமர்ந்து ஓட்டும் சிறு டிராக்டரை நாடினர். 1960-களின் தொடக்கத்தில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், ஜான் டீர் போன்ற உழவு இயந்திரக் கம்பெனிகளும் இத்தொழிலில் இறங்கின. ஆனால் மரத்தைச் சுற்றியும், மூலையில் பின்வாங்கியும் புல்வெட்டுபவர் நொடிக்கொரு முறை கிளட்சை மிதித்துக் கியரை மாற்ற வேண்டியிருந்தது. இத்தொல்லையைப் போக்க வந்ததே ஹைட்ரோஸ்டாட்டிக் அமைப்பு.

இதன் வேர் மிகப் பழையது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் செலுத்திய அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற விதியைப் பாஸ்கல் விளக்கினார். அந்நூல் அவர் மறைந்தபின் 1663-இல் வெளிவந்தது. 1795-இல் ஜோசப் பிராமா அவ்விதியைக் கொண்டு அழுத்து பொறி செய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எண்ணெயின் அழுத்தத்தால் போர்க்கப்பல்களின் கனத்த பீரங்கிகளைத் திருப்பினர். பீரங்கியைத் திருப்பிய அதே தத்துவம் 1960-களின் நடுவில் வீட்டுத் தோட்டத்தை வந்தடைந்தது.

எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்பின் சிறு பிஸ்டன்கள் எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுழற்றிச் சக்கரங்களை ஓட்டுகிறது. பம்பினுள் ஒரு சாய்தட்டு உண்டு. மிதியை அழுத்த அது சாயும். சாய்வு மிகுந்தால் வேகம் மிகும். எதிர்ப்புறம் சாய்ந்தால் வண்டி பின்செல்லும். நேராக நின்றால் வண்டியும் நிற்கும்.

இந்த எளிமையில் ஓர் இடர் மறைந்திருக்கிறது. தேய்ந்த கியர் உறுமித் தன் நோயைச் சொல்லிவிடும். தேய்ந்த பம்போ பெரும்பாலும் ஓசையின்றி வலுவிழக்கும். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும் வரை அத்தேய்வு வெளிப்படாது; சூடேறி இளகியதும் பிஸ்டனின் ஓரமாகக் கசிந்து அழுத்தம் குன்றும். ஆகவே பழைய வண்டியை ஐந்து நிமிடம் சமதரையில் ஓட்டிப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுப்பது தகாது. அரைமணி நேரம் ஓட்டிச் சூடேற்றியபின், ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். காலையில் ஏறிய வண்டி சூட்டில் தயங்கினால் விலகிக்கொள்ளுங்கள். பம்பைப் புதுப்பிக்கும் செலவு சில வேளைகளில் வண்டியின் விலையையே விஞ்சிவிடும்.

எண்ணெயைப் பார்க்க வழியிருந்தால் அதன் நிறத்தை நோக்குங்கள். பால்போல் வெளுத்திருப்பின் தண்ணீர் கலந்துள்ளது. கருகிய மணம் வீசினால் மிகுந்த சூடு கண்டது. கீச்சென்ற ஒலி எழுந்தால் எண்ணெயில் காற்றுப் புகுந்திருக்கலாம். புல்வெட்டும் தகட்டின் அடியில் துரு அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றாமல் கையை நீட்டலாகாது.

வாங்கியபின் செய்யவேண்டியவை சிலவே. பம்பின் விசிறியிலும் அதன் மேலுள்ள குளிர்விக்கும் இதழ்களிலும் அடைந்த புல்லை அவ்வப்போது அகற்ற வேண்டும். சூடே இவ்வமைப்பின் முதற்பகை. செய்தவர் கூறிய வகை எண்ணெயையே, கூறிய காலத்தில் மாற்றி, வடிகட்டி இருந்தால் அதனையும் மாற்றி, உட்புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். சிறு வண்டிகள் பலவற்றில் எண்ணெயை மாற்ற வழியில்லாதபடி பெட்டியை மூடியிருப்பார்கள். அவற்றைத் தூய்மையாக வைப்பதே காப்பு. எஞ்சின் ஓடாத வண்டியைத் தள்ளுமுன் அதற்குரிய விடுவிப்பு நெம்பைத் திறக்க வேண்டும்.

பழைய வண்டியோடு முன்னவருடைய பழக்கமும் நம் வீட்டுக்கு வந்துசேர்கிறது. 1960-களில் பிறந்த வண்டிகள் சில இன்றும் புல்வெட்டுகின்றன என்றால், அவற்றின் இரும்பு உறுதியானது என்பது பாதிக் காரணமே. கண்ணுக்குத் தெரியாத எண்ணெயை நினைவில் வைத்துப் பேணியவர்கள் அவ்வண்டிகளுக்கு வழிவழியாக வாய்த்தார்கள் என்பது மறுபாதி.