பட்டாளக் கணக்கில் சேராத சாவுகள்

சென்னை உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் ஒரு சிறு கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் வீசிய குண்டு விழுந்த இடம் அது என்று அறிவிக்கிறது. எம்டனைப் பற்றி நம்மிடம் கதைக்குப் பஞ்சமே இல்லை. அதன் கேப்டன் மியுல்லரின் கண்ணியம், பற்றியெரிந்த பர்மா எண்ணெய்க் கம்பெனித் தொட்டிகள், ஊரைக் காலி செய்து ஓடிய சனம், செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்ற சான்றில்லாத பேச்சு என்று அது நீண்டுகொண்டே போகும். அன்றிரவு துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பல் மீதும் குண்டுகள் விழுந்தன. அதில் இருந்த கப்பலாட்கள் சிலர் செத்தார்கள். மதிலுக்குக் கல்வெட்டு வைத்த ஊர் அவர்களுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

தேசியக் கடல்சார் நாளையொட்டி வெளிவரும் மலர் இது. 1919 ஏப்ரல் 5 அன்று சிந்தியா கம்பெனியின் ‘லாயல்டி’ பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியதை அந்த நாள் நினைவூட்டுகிறது. வால்சந்த் ஹிராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் வெள்ளைக் கம்பெனிகளின் ஏகபோகத்தை எதிர்த்து நின்ற பெருமைக்குரிய கதை அது. ஆனாலும் அது முதலாளிகளின் கதை. அதே கப்பலுக்கு அதற்கு முன் வேறொரு வாழ்வு இருந்தது. ‘எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா’ என்ற பெயரில் பசிபிக்கில் ஓடியது; பின் குவாலியர் மகாராஜா அதை வாங்க, முதல் உலகப் போரில் மருத்துவக் கப்பலாகக் காயம்பட்ட சிப்பாய்களைச் சுமந்தது. சுமக்கப்பட்ட சிப்பாயின் பெயர் அவனுடைய பட்டாளத்து ஏட்டில் இருக்கும். சுமந்த கப்பலில் வேலை பார்த்தவனுக்கு அப்படி ஒரு ஏடு கிடையாது. நான் இங்கே சொல்ல வருவது இந்த வேறுபாட்டைப் பற்றித்தான்.

போர்க்கால வணிக மாலுமிகளை உலகம் மறந்துவிட்டது என்று ஆண்டுதோறும் யாராவது வருந்துகிறார்கள். மறதி என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நினைவு தானாக நிற்பதில்லை. அதைச் சுமக்க ஏதோ ஓர் அமைப்பு வேண்டும். பட்டாளத்துக்குக் கொடி உண்டு, ஓய்வூதியப் பிரிவு உண்டு, ஆண்டு விழா உண்டு. வணிக மாலுமி சேர்ந்திருந்ததோ ஒரு கப்பலில், அதுவும் ஒரு பயண ஒப்பந்தத்துக்கு. கப்பல் மூழ்கிவிடும். கம்பெனி பின்னால் வேறு கம்பெனியில் கரைந்துவிடும். இந்தியக் கப்பலாட்கள் விஷயத்தில் நாடே மூன்றாகப் பிரிந்துவிட்டது.

யார் இவர்கள்? ஆங்கிலேயர் லாஸ்கர் என்றார்கள். மேல்தளத்தில் சாரங்கு, தண்டல், சுக்கானி, கலாசி. கீழே எஞ்சின் அறையில் கரி அள்ளிப் போடும் தீயாட்கள். சமையற்கட்டிலும் சாப்பாட்டு அறையிலும் பெரும்பாலும் கோவாக்காரர்கள். சில்ஹெட், சிட்டகாங், நவகாளி, ரத்னகிரி, கட்ச், மீர்பூர் என்று ஊர்கள் பல இருந்தாலும், ஆள் எடுத்த பெரிய துறைமுகங்கள் கல்கத்தாவும் பம்பாயும்தான். இதில் தமிழர் பங்கு சொற்பம். இல்லாத பெருமையை இட்டுக்கட்ட வேண்டியதில்லை. 1914இல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் 51,000க்கு மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். இரண்டாம் போர் தொடங்கும் தறுவாயில் அக்கப்பல்களின் ஆட்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர்.

அவர்களை வைத்துக்கொண்டதற்குக் காரணம் கூலி. ‘ஆசிய ஒப்பந்தம்’ என்ற தனி ஒப்பந்தத்தில் ஆளெடுத்தார்கள். வெள்ளை மாலுமி வாங்கியதில் நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் இவர்களுக்கு. படுக்குமிடம்கூடச் சட்டத்தில் வேறு: 1894ஆம் ஆண்டுக் கப்பல் சட்டம் வெள்ளை மாலுமிக்கு 72 கன அடி வேண்டும் என்றபோது இந்தியனுக்கு 36 கன அடி போதும் என்று இந்தியச் சட்டம் வைத்திருந்தது. 1906இல் வெள்ளையருக்கு அது 120 ஆக உயர்ந்தது. இந்தியனுக்கு உயரவில்லை. வெயில் நாட்டு உடம்புக்கு இவ்வளவு போதும் என்று கப்பல் முதலாளிகள் அதற்கு நியாயமும் சொன்னார்கள்.

போர் வந்தபோது அந்த வெயில் நாட்டு உடம்புகள் வட அட்லாண்டிக்கில் இருந்தன. நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் நடுக்கப்பலைக் குறிவைப்பார்கள், எஞ்சின் அறை அங்கேதான். நீர்மட்டத்துக்குக் கீழே வேலை செய்யும் தீயாளுக்கு இரும்பு ஏணி ஒன்றே வழி. வெடித்த மறுகணம் அது வளைந்து போயிருக்கும், அல்லது கொதிநீராவி சூழ்ந்திருக்கும். ஏறித் தப்பியவன் பருத்திச் சட்டையோடு திறந்த படகில் உட்கார வேண்டும்.

‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கதையைப் பலர் அறிவர். குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றுவதற்காகப் பிரிட்டனிலிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் அதில் இருந்தார்கள். 1940 செப்டம்பர் 17 இரவு ஜெர்மானிய நீர்மூழ்கி யு-48 அதைத் தாக்கியது. குழந்தைகளில் 77 பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்தைப் பற்றி நூல்கள் வந்தன. அவை வந்ததும் சரியே. கப்பலை ஓட்டியவர்களில் மிகப் பெரும்பகுதி இந்தியர். செத்த கப்பலாட்களிலும் அப்படியே. 12ஆம் எண் படகு எட்டு நாள் கடலில் அலைந்து, பின் ‘ஆந்தனி’ என்ற போர்க்கப்பலால் மீட்கப்பட்டது. அதில் ஆறு சிறுவர்கள். அவர்களுக்குத் துப்பறியும் கதை சொல்லியே தேற்றிக்கொண்டு வந்த மேரி கார்னிஷ் என்ற ஆசிரியை புகழ் பெற்றார், தகுதியான புகழ். படகிலிருந்த மற்றவர்களில் பெரும்பாலோர் இந்தியக் கப்பலாட்கள். எழுதியவர்களின் பார்வையில் அவர்கள் ஒரு கும்பல், பெயரில்லாத கூட்டம். குளிரில் நடுங்கிச் செயலற்றுப் போனார்கள், துடுப்புப் போட முன்வரவில்லை என்ற குறை போர்க்கால அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும். அவர்களிடம் கம்பளி உடை இருந்ததா என்று கேட்டவர்கள் குறைவு.

கப்பலாட்களே கேட்டார்கள். 1939 செப்டம்பரில் போர் அறிவித்த உடனேயே லண்டனிலும் பிற துறைமுகங்களிலும் இந்தியக் கப்பலாட்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளத்தை இரட்டிப்பாக்கு, போர்ப்படி கொடு, கம்பளி உடை கொடு, சோப்பு கொடு! லண்டனில் சூரத் அலியும் கல்கத்தாவில் அஃப்தாப் அலியும் முன்னின்றார்கள். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பலேற மறுப்பது குற்றம் என்பதால் நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். கடைசியில் ஓரளவு கூலி உயர்வும் போர்ப்படியும் கிடைத்தன. நினைவுச்சின்ன எழுத்துகளில் வருகிற கப்பலாள் விசுவாசமானவன், அமைதியானவன். சிறைக்குப் போனவனும் அட்லாண்டிக்கில் மூழ்கியவனும் ஒரே கூட்டத்து ஆட்கள், பல வேளை ஒரே ஆள். கல்லில் இருவருக்கும் இடம் பண்ண முடியவில்லை என்பது என் எண்ணம்.

வெள்ளை மாலுமிக்கும் வாழ்வு ஒன்றும் பூப்பந்தலாக இல்லை. சீருடை இல்லாததால், ஊரில் நடந்து போனாலே பட்டாளத்துக்குப் பயந்தவன் என்று ஏச்சு விழுந்தது. அதைத் தடுக்கவே 1940இல் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சிறு வெள்ளி நிற வில்லை கொடுத்தார்கள். கப்பல் மூழ்கினால் ஒப்பந்தம் முடிந்தது, சம்பளமும் முடிந்தது. 1925இன் சட்டப்படி வேலையற்ற நாளுக்கு அதிகபட்சம் இரண்டு மாதம் ஈட்டுத்தொகை கேட்கலாம், அவ்வளவுதான். 1941 மே மாதத்து அத்தியாவசியப் பணி ஆணைக்குப் பிறகே இது மாறியது. முதல் போர் முடிந்த பின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ‘வணிகக் கடற்படை’ என்று பட்டம் கொடுத்ததை நன்றியின் அடையாளமாகச் சொல்வார்கள். பட்டத்துக்குச் செலவில்லை.

லண்டன் டவர் ஹில்லில் அவர்களுக்கு நினைவகம் எழும்பியது. லட்யன்ஸ் வடிவமைத்த முதல் போர்ப் பகுதி 1928இல் திறக்கப்பட்டது, ஏறக்குறைய 12,000 பெயர்களோடு. இரண்டாம் போர்ப் பகுதி 1955இல், ஏறக்குறைய 24,000 பெயர்களோடு. கப்பல் வாரியாக வெண்கலத் தகடுகளில் பெயர் பொறித்திருக்கிறார்கள். ஆனால் ஒரே கப்பல், ஒரே இரவு, ஒரே குண்டு என்றாலும் அதில் செத்த வெள்ளையன் டவர் ஹில்லில் இருப்பான். ஆசிய ஒப்பந்தத்தில் இருந்த இந்தியன் பெரும்பாலும் அங்கே இருக்கமாட்டான். முதல் போரில் போன இந்தியர்களின் பெயர்கள் மும்பை மஸ்ஜித் பந்தரில் உள்ள இந்தியக் கப்பலாட்கள் இல்லத்தின் மண்டபத்தில், 2,200 சொச்சம். இரண்டாம் போரில் போன ஏறக்குறைய 6,500 பேர், கடற்படையினரும் வணிக மாலுமிகளுமாக, ஓர் ஏட்டில் எழுதப்பட்டு, அதன் ஒரு பிரதி சிட்டகாங் போர்க் கல்லறைத் தோட்டத்திலும் மற்றது மும்பையிலும் வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவன் தகட்டில், அவனோடு செத்தவன் ஏட்டில். கூலியிலும் படுக்கையிலும் இருந்த பிரிவு சாவிலும் தொடர்ந்தது. வரலாற்றாசிரியர் ரோசினா விஸ்ராம் தரும் கணக்குப்படி முதல் போரில் இறந்த லாஸ்கர்கள் 3,427 பேர். மும்பை மண்டபத்தின் எண்ணிக்கையோடு அது ஒத்துப்போகவில்லை.

கொல்கத்தா மட்டும் விதிவிலக்கு என்று சொல்ல வேண்டும். ஹூக்ளிக் கரையில் ஹேஸ்டிங்ஸ் பகுதியில் நூறடி உயரத்தில் நிற்கும் லாஸ்கர் நினைவுத்தூண், முதல் போரில் இறந்த வங்கம், அசாம் பகுதிகளின் 896 கப்பலாட்களுக்காக 1924இல் ஆளுநர் லிட்டன் திறந்து வைத்தது. கப்பல் கம்பெனிகளும் வணிக நிறுவனங்களும் பணம் போட்டன. அதை வடிவமைத்த வில்லியம் கெய்ர் மொகலாயச் சாயலில் சிறு மினார்களும், நான்கு பக்கமும் பண்டைய மரக்கலத்தின் முகப்பும், தாழ்வாரத்தடியில் அலைக்கோடுகளும் வைத்தார். கலையழகு உள்ள கட்டடம். பல பதிற்றாண்டுகள் புதர் மண்டிக் கிடந்து, 1990களில் இந்தியக் கடற்படை முயற்சியால் சீரானது.

விடுதலைக்குப் பிறகு இவர்களுக்கு உரிமை கோர யாரும் இல்லாமல் போனது ஏன் என்பதற்கு, அந்த ஊர்ப் பெயர்களையே பார்த்தால் போதும். சில்ஹெட், சிட்டகாங், நவகாளி இன்று வங்கதேசம். மீர்பூர் பாகிஸ்தான் வசம் உள்ள காஷ்மீரில். கோவாக்காரர்கள் அன்று போர்ச்சுகீசியக் குடிமக்கள். பிரிட்டனின் குடிகளே அல்லாதவர்கள் அதன் போரில் செத்தார்கள். டெல்லி இந்தியா கேட் பட்டாளத்தாருக்கு உரியது. 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகம் விடுதலைக்குப் பின் மடிந்த படைவீரர்களுக்கு. பேரரசின் போர் என்ற கூச்சம் நமக்கு உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் பேரரசின் பட்டாளத்தில் சேர்ந்த சிப்பாய் அந்தக் கூச்சத்தைத் தாண்டி இந்தியா கேட்டில் இருக்கிறான். கரி அள்ளியவனுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

மற்ற நாடுகளிலும் வணிக மாலுமிகளுக்கு அங்கீகாரம் கிடைக்க நேரம் எடுத்தது. அமெரிக்காவில் வணிக மாலுமிகள் முன்னாள் படைவீரர் என்ற தகுதியை 1988இல்தான் பெற்றார்கள், அதுவும் நீதிமன்றம் போய். கனடாவில் 1992. ஆர்க்டிக் கப்பல் அணிகளில் ரஷ்யாவுக்குச் சரக்கு கொண்டுபோனவர்களுக்குப் பிரிட்டன் தனிப் பதக்கம் வழங்க 2013 ஆகிவிட்டது. இவற்றையெல்லாம்விட மோசம் லிவர்பூல் சீன மாலுமிகளின் கதை. அட்லாண்டிக்கில் உழைத்தவர்களில் ஏறக்குறைய 2,000 பேரை, போர் முடிந்த கையோடு 1945–46இல் உள்துறையும் கப்பல் கம்பெனிகளும் சேர்ந்து நாடு கடத்தின. உள்ளூரில் மணம் முடித்துப் பிள்ளை பெற்றிருந்தவர்களும் அவர்களில் உண்டு. கணவன் ஏன் வீடு திரும்பவில்லை என்பது பல மனைவிகளுக்குக் கடைசிவரை தெரியாது. அவர்களுக்கு 2006இல் கப்பல் துறையில் ஒரு சிறு தகடு வைத்தார்கள். அதற்கு முன்நின்றவர்கள் அந்தப் பிள்ளைகளே, அரசு அல்ல.

வங்கக் கடலில் நடந்ததும் நம் கதைகளில் குறைவு. 1942 ஏப்ரல் முதல் வாரத்தில் ஜப்பானியத் தளபதி ஒசாவாவின் கப்பல்கள் உள்ளே புகுந்து சில நாட்களில் 20க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தன. ஏப்ரல் 6 அன்று காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. சென்னை காலியானதைப் பற்றி நம் பெரியவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள்: வீடு அடிமாட்டு விலைக்குப் போனது, ரயிலில் இடம் கிடைக்காதது. அந்த நாட்களில் ஒரிசாக் கரைக்கு நேரே கடலில் விழுந்தவர்களைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பது மிகக் குறைவு.

தேட வழியில்லாமல் இல்லை. மும்பை, சிட்டகாங் ஏடுகளில் உள்ள பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் பார்க்கலாம். போர்க்காலக் கப்பலாட்கள் பட்டியல்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிக்கல் பெயரில்தான். கப்பல் அலுவலக எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது. அப்துல் என்பதற்கே பல வடிவம். பலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும் விட்டுப்போயிருக்கும். ஆகவே ஆளைத் தேடுவதைவிடக் கப்பலைத் தேடுவது நல்லது: மூழ்கிய கப்பலின் பெயரையும் தேதியையும் முதலில் பிடித்துக்கொண்டு, அதன் ஆட்கள் பட்டியலைப் போர்க் கல்லறை ஏட்டோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். நம் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளில் ஓர் ஆய்வு மாணவர் 1942 ஏப்ரல் கப்பல்களோடு தொடங்கலாம். சுப்ராவையும் சேர்த்துக்கொண்டால் இந்தக் கரைக்கு உரிய பட்டியல் ஒன்று தமிழில் முதல் முறையாக உருவாகும். அடுத்த ஆண்டு மலரில் அதற்குப் பக்கம் ஒதுக்குவது பதிப்பாசிரியர்களுக்குக் கடினமாக இராது.