அரிசியா, பணமா: புதுச்சேரி ஊரகத்தின் உணவுக் கணக்கெடுப்புகள்

புதுச்சேரி வட்டாரத்தின் ஊர்ப்புறம் அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளாகப் பிரிந்திருக்கிறது. பாகூரில் ஏரிப் பாசனமும் நெல்லும். அரியாங்குப்பத்தில் வீராம்பட்டினம், நல்லவாடு போன்ற மீனவ ஊர்கள். சில கிலோமீட்டர் இடைவெளியில் சோற்றுத் தட்டே மாறிவிடும் இந்தப் பகுதி, ஊரக வளர்ச்சி ஆய்வாளர்களைத் தொடர்ந்து ஈர்த்துவந்திருக்கிறது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் இதற்கு நிதி தந்தது. மக்கள் யாரிடம் தகவல் கேட்கிறார்கள், எது தெரிந்தால் அவர்களுக்குப் பிழைப்பு நடக்கும் என்று ஊர் ஊராக விசாரித்த பிறகே கணினிகள் வந்தன. வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது அப்படிக் கேட்டதன் பலன். 2004 சுனாமியின்போது நல்லவாட்டு மக்களை எச்சரித்து வெளியேற்ற உதவியதும் அவ்வூர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கிதான்.

உணவைப் பொறுத்தவரை பெரிய சோதனை 2015 செப்டம்பரில் வந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷன் கடையில் கிடைக்க வேண்டிய தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை சண்டிகரிலும் புதுச்சேரியிலும் நடைமுறைக்கு வந்தது. தாத்ரா நகர் ஹவேலியின் சில பகுதிகள் அடுத்த ஆண்டு சேர்ந்தன. இது எப்படி நடக்கிறது என்று நிதி ஆயோக்குக்காக ஜே-பால் தெற்காசியா அமைப்பு பல சுற்றுகளாக வீடு வீடாகக் கணக்கெடுத்தது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளியலாளர்கள் இதை வழிநடத்தினர்.

அரசுப் பதிவேட்டின்படி ஏறத்தாழ எல்லாப் பணமும் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டில் கேட்டால் பலர் ‘வரவில்லை’ என்றார்கள். குறுஞ்செய்தி வராததும், பாஸ்புத்தகத்தில் வரவு வைக்கப்படாததும், ஆதாருடன் கடைசியாக இணைத்த வேறொரு கணக்குக்குப் பணம் போனதும் இதற்குக் காரணங்கள். வங்கிக்கும் சந்தைக்கும் போய்வரும் செலவு தனி. ஆனாலும் சுற்றுக்குச் சுற்று பணத்தை விரும்புவோர் கூடினர். கடைசிச் சுற்றில் மூன்று பிரதேசங்களிலும் சேர்த்து ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தானியத்தைவிடப் பணமே மேல் என்றனர். நல்ல அரிசியாகப் பார்த்து வாங்கலாம் என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம்.

நீஹவுஸ், கென்ய கிராமங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் கிவ்டைரக்ட்லி அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். மேற்குக் கென்யாவில் ஹௌஷோஃபர், ஷாபிரோ இருவரும் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு, பணம் பெற்ற வீடுகளில் உணவுச் செலவு உயர்ந்ததையும், மதுவுக்கும் புகையிலைக்குமான செலவு உயராததையும் காட்டியது. ஏழை கையில் காசு போனால் குடித்து அழித்துவிடுவார் என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை அளக்க உலகெங்கும் புழங்கும் கருவிகளில் ஒன்று, பெண்களுக்கான குறைந்தபட்ச உணவுப் பன்மை அளவு. மாலி, பர்கினா பாசோ, மொசாம்பிக், உகாண்டா முதலிய நாடுகளின் தரவுகளைக் கொண்டு சோதிக்கப்பட்டது இது. முந்தைய ஒரு நாளில் சாப்பிட்டவை பத்து உணவு வகைகளில் எத்தனையில் அடங்குகின்றன என்று பார்ப்பார்கள். குறைந்தது ஐந்து வகைகள் இருக்க வேண்டும். பதினைந்து கிராமுக்குக் குறைந்தது கணக்கில் வராது. பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்ட ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு, குழம்பில் தாளித்த கறிவேப்பிலை இரண்டும் பெரும்பாலும் இந்த வரம்பில் அடிபட்டுப் போகும். முருங்கைக்கீரைப் பொரியல் தப்பிக்கும்.

எந்த நாளில் கேட்கிறோம் என்பதும் விடையை மாற்றும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. புரட்டாசியில் பல வீடுகளில் கவுச்சி கிடையாது. வீராம்பட்டினத்தில் மே மாதம் எடுத்த கணக்கையும் ஆகஸ்டில் எடுத்த கணக்கையும் ஒன்றாக வைத்துப் பேசினால் தவறான முடிவுக்கே போவோம்.

2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரை நடந்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் புதுச்சேரி ஊரகத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,590 ரூபாய். அகில இந்திய ஊரகச் சராசரி 3,773. இந்திய ஊரகத்தில் உணவுக்குப் போகும் பங்கு 1999-2000-இல் 59.4 சதவீதமாக இருந்து 46.38 ஆகக் குறைந்தது. மொத்தச் செலவில் தானியத்தின் பங்கு 4.91 சதவீதம்தான், பானங்களும் பதப்படுத்திய உணவும் 9.62 சதவீதம். அரிசி கிடைக்கிறதா என்பதோடு கேள்வியை நிறுத்திக்கொள்ளும் ஆய்வு இனிப் போதாது.

புதுச்சேரியில் மூடிக்கிடந்த ரேஷன் கடைகள் 2024 தீபாவளியை ஒட்டி மீண்டும் திறக்கப்பட்டு, 10 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையும் இலவசமாக வழங்கப்பட்டன. பணத்தின் காலத்தில் கேட்ட அதே கேள்விகளை இந்த ஐந்து கொம்யூன்களிலும் இப்போது மறுபடி கேட்க வேண்டும். கிடைக்கும் விடைகளை அந்தந்த ஊரிலேயே தமிழில் படித்துக் காட்டவும் வேண்டும்.