காடு ஊருக்கு என்றால் இருளருக்கு? 1871ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றின் மறுவாசிப்பு

காடுகளின் மேல் அரசுக்கு உரிமை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை 1871 ஆகஸ்டில், ஆட்சிக்குள்ளிருந்தே சென்னை வருவாய் வாரியம் கேட்டது. அந்த வாதத்தை மறதியிலிருந்து மீட்டவர் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா. 1990இல் வெளிவந்த கட்டுரையில் அவர் மூன்று தரப்புகளைக் காட்டுகிறார்: எல்லாம் அரசுக்கே என்ற ஆங்கிலேய அதிகாரி பேடன்-பவல், இடைவழி தேடிய வனத்துறைத் தலைவர் பிராண்டிஸ், மக்கள் பக்கம் நின்ற சென்னை வாரியம். மூன்றாவது முத்திரையை என்னால் ஏற்க முடியவில்லை.

வாரியத்தின் வாதம் இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று, ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்காத காடு மாகாணத்தில் அரிது. மற்றொன்று, தேக்கு, சந்தனம், ஏலம் போன்றவற்றில் பெற்ற பங்கைத் தவிர, மிக அண்மைக்காலம் வரை அரசு எந்தக் காட்டிலும் சொத்துரிமை கொண்டாடியதில்லை. அந்த 'அண்மைக்காலம்' எது? மலபார்த் தேக்குக்காக 1806இல் உருவான வனக் காப்பாளர் பதவியை ஆளுநர் மன்றோ 1823இல் ஒழித்தார். கிளெக்ஹார்ன் மாகாண வனக் காப்பாளரானது 1856இல். வாரியம் பின்னதையே எண்ணியிருக்கலாம், அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை.

அரசை மறுக்கும் இரண்டாவது கால் வலுவானது. சிக்கல் முதலாவதில். ஊரின் உரிமையைக் காத்ததை மக்களின் உரிமையைக் காத்ததாகவே குஹா கொள்கிறார். எடுத்துக்காட்டாக, செங்கல்பட்டுச் சீமையில் ஊர் என்றால் யார்? புறம்போக்கிலும் தரிசிலும் காட்டிலும் பங்கு கோரியவர்கள் பரம்பரை நில உரிமை கொண்ட மிராசுதாரர்கள். ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1818இலேயே மிராசு உரிமையை விரித்து எழுதிவிட்டார். அந்த உரிமையைக் காட்டித்தான் பறையர்களுக்குத் தரிசு நிலமும் மனையும் கிடைக்காமல் தடுத்தார்கள் என்று, 1892ஆம் ஆண்டுப் பஞ்சமி நில ஆணைக்கு வழிவிட்ட கலெக்டர் டிரெமென்ஹீரின் அறிக்கை காட்டுகிறது. சேரியில் குடியிருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், ஊர்க் கணக்கில் பெயரே ஏறாமல் தேனும் கிழங்கும் மூலிகையும் தேடித் திரிந்த இருளருக்கு வாரியத்தின் 'ஊர்' என்ன தந்திருக்கும்? செங்கல்பட்டு இருளரை இனவரைவியலாளர் தர்ஸ்டன் தனியே விவரிப்பது 1909இல்தான். அதை 1871க்கு அப்படியே பின்னோக்கிப் பொருத்துவது சரியல்ல என்பதை அறிவேன். ஆனாலும், நிலவரி கட்டியவர்களை வைத்தே மக்களை எண்ணிப் பழகிய வாரியம் வரி கட்டாதவர்களையும் எண்ணியிருக்கும் என்று கருத எந்த முகாந்திரமும் இல்லை. அரசின் உரிமையை அது மறுத்தது உண்மை. மறுத்த உரிமையை அது ஒப்படைத்தது ஊரின் வலியவர்களிடம்.

1882இல் வந்த சென்னை வனச் சட்டம் அறிவிப்பு, விசாரணை, அதன்பின் காப்புக்காடு என்று ஒழுங்கை வகுத்தது. குறித்த தவணைக்குள் கோரப்படாத உரிமை அற்றுப்போகும். அறிவிப்போ ஊர்களில் இடப்பட்டது; ஊர்க் கணக்கில் இல்லாதவர்களை அது எட்டியிருக்குமா என்பது ஐயமே. கோவிலம்பாக்கத்தை ஒட்டிய நன்மங்கலம் போன்ற காப்புக்காடுகள் இந்தச் சட்டத்தின் வழியில் உருவானவை.

வாரியம் எதுவரை சென்றது என்பதை ஓர் ஒப்பீடு காட்டும். ஆஸ்திரேலியாவில், 1992ஆம் ஆண்டு மேபோ தீர்ப்பு முடியாட்சியின் ஆளுரிமையைத் தொடவில்லை. ஆனால் ஆளுரிமை வந்ததாலேயே முந்தைய குடிகளின் நில உரிமை அழிந்துவிடாது என்றது. வாரியமும் அந்த வாசல் வரை வந்தது. உள்ளே போகவில்லை.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வரலாற்று அநீதி நிகழ்ந்ததை முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. அதிலும் உரிமைக் கோரிக்கை தொடங்க வேண்டிய இடம் கிராம சபை. ஊராட்சியின் ஓரத்தில் வாழும் இருளர் குடும்பம், 1871இல் தன்னைக் கணக்கில் சேர்க்காத அதே ஊரின் முன்புதான் இன்றும் மனுவோடு நிற்க வேண்டும்.