பனிச் சாலையும் லாரி டயரும்

பனி படிந்த சாலையில் எந்த டயரை நம்பி வண்டி ஓட்டுவது என்ற கேள்விக்குத் தொழிற்சாலையில் பிறந்த முதல் விடை காருக்காக உருவானதன்று, லாரிக்காக உருவானது. பின்லாந்தின் நோக்கியா நகரில் இயங்கிவந்த சுவோமென் கும்மிதெஹ்தாஸ் என்ற ரப்பர் ஆலை, எரிக் சுண்ட்க்விஸ்ட் என்பவரின் வடிவமைப்பில், 1934ஆம் ஆண்டு ‘கெலிரெங்காஸ்’ என்ற டயரை லாரிகளுக்கென்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. பனிக்காலத்துக்கென்றே தனியாக உருவாக்கப்பட்ட முதல் டயராக அது கருதப்படுகிறது. கார்களுக்கான ‘லூமி-ஹக்கபெலீட்டா’ அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1936இல்தான் வந்தது. சட்டமோ இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. பின்லாந்து 1978இலும் சுவீடன் 1999இலும் கார்களுக்குப் பனிக்கால டயரைக் கட்டாயமாக்கின. கனரக வண்டிகளுக்கு அத்தகைய விதி சுவீடனில் 2013இலும் நார்வேயில் 2015இலும்தான் பிறந்தது. லாரிக்காகத் தொடங்கிய ஒரு தொழில்நுட்பம் லாரியின் மீது கடமையாக விதிக்கப்பட ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆனதற்கு, கனமான வண்டிக்கு அதன் கனமே பிடிமானம் என்று நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை முதன்மையான காரணம் எனலாம்.

மோட்டார் வண்டிகள் பரவிய தொடக்க ஆண்டுகளில் வடநாட்டுக் குளிர்காலச் சாலை, குதிரைகள் இழுக்கும் சறுக்குவண்டிகளுக்கு உரியதாகவே இருந்தது. சறுக்குவண்டிக்குப் பனி தேவை என்பதால், பனியை அகற்றுவதைவிட அதை மிதித்து இறுக்கி வழவழப்பாக்குவதே அன்றைய பராமரிப்பாக இருந்தது. அந்தப் பரப்பில் மோட்டார் வண்டியின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. இதற்கு அக்காலத்தில் கைகண்ட மருந்து சங்கிலி. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர், டயரைச் சுற்றிக் குறுக்குக் கண்ணிகளோடு பூட்டும் சங்கிலிக்கு 1904இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு ஓட்டுநர்கள் கயிற்றையே சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சங்கிலி பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பனி இல்லாத தரையில் அது விரைவில் தேய்ந்து அறுந்துவிடும், வேகத்தைக் குறைக்கும், டயரையும் சாலையையும் ஒருசேரச் சிதைக்கும். ஒரே பயணத்தில் பனி மூடிய காட்டுச் சாலையும் வெறும் சரளைச் சாலையும் மாறி மாறி வரும்போது, ஓட்டுநர் கடுங்குளிரில் இறங்கி அதைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருக்க வேண்டியிருந்தது.

கெலிரெங்காஸ் இந்த இடையூறுக்குத் தீர்வாக வந்தது. சாலையைத் தொடும் மேற்பரப்பான ட்ரெட்டில், அன்றைய வழக்கமான டயர்களில் சுற்றுப்போக்கில் ஓடிய மெல்லிய வரிகளுக்குப் பதிலாக, குறுக்காகக் கிடக்கும் தடித்த ரப்பர்க் கட்டைகளும் அவற்றுக்கிடையே அகன்ற பள்ளங்களும் அமைந்தன. வெண்பனியில் உருளும்போது அந்தப் பள்ளங்களில் பனி திணிந்து இறுகுகிறது; பனியோடு பனி ஒட்டும் வலிமை, பனியோடு ரப்பர் ஒட்டும் வலிமையைவிட மிகுதி என்பதால், பள்ளத்தில் இறுகிய பனியே சாலைப் பனியைப் பற்றிக்கொண்டு வண்டியை முன்னே தள்ளுகிறது. சக்கரம் சுழன்று மேலே வரும்போது அந்தப் பனி உதிர்ந்து பள்ளம் மீண்டும் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ட்ரெட் வழவழத்த பனி உருளையாகிவிடும். சங்கிலியின் குறுக்குக் கண்ணி செய்த வேலையை டயரின் உடம்பிலேயே வார்த்துவிட்ட இந்த அமைப்பு, இன்றைய பனிக்கால டயர் வரைக்கும் அடிப்படை மாறாமல் தொடர்கிறது. செயற்கை ரப்பர் வணிக அளவில் பரவாத அந்த ஆண்டுகளில் உலகின் ரப்பரில் பெரும்பகுதி மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், இலங்கை ஆகிய இடங்களின் தோட்டங்களிலிருந்தே வந்தது என்பதும், மலாயாவின் பெருந்தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் மிகப் பலர் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள் என்பதும் டயரின் வரலாற்றில் ஒரு வரியாகவேனும் இடம்பெற வேண்டியவை.

லாரியின் குளிர்கால ஓட்டம் ஒரு நாட்டின் உயிர்நாடியாகவே மாறிய காலமும் பின்லாந்துக்கு வாய்த்தது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கையும் நார்வேயையும் கைப்பற்றியபின் பால்டிக் கடல்வழி அடைபட, மேற்குலகோடு வணிகம் நடத்த வடகோடியில் ஆர்க்டிக் கடலோரத்துப் பெட்சமோ பகுதியின் லீனஹமாரி துறைமுகமே எஞ்சியது. அங்கே ரயில் கிடையாது. ரயில் இணைப்பு இருந்த ரொவானியெமி நகரிலிருந்து துறைமுகம் வரை 531 கிலோமீட்டர் நீண்ட ஆர்க்டிக் கடற்சாலை 1931இல்தான் கட்டி முடிக்கப்பட்டிருந்தது; மேற்குலகோடான அந்த வணிகத்தை இந்த ஒற்றைச் சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரிகள் சுமந்தன. இந்தப் போக்குவரத்தை நடத்துவதற்கென்றே போயோலன் லீக்கென்னெ என்ற நிறுவனம் 1940இல் தொடங்கப்பட்டது. 1941 கோடையில் பின்லாந்தும் போரில் இறங்கியதால் இந்த வழி முடிந்துபோனாலும், கடுங்குளிரில் லாரியைத் தொடர்ந்து ஓட்ட முடியும், ஓட்டியாக வேண்டும் என்ற எண்ணத்தை அது நிலைநாட்டிவிட்டது.

வெண்பனியும் பனிக்கட்டியும் டயருக்கு வெவ்வேறு சோதனைகள் என்பதை இங்கே விளக்குவது அவசியம். வெண்பனியில் பள்ளம் பிடிக்கும். வழவழத்த பனிக்கட்டியில் பள்ளத்துக்குள் திணிய எதுவும் இல்லை. வெப்பநிலை சுழியத்துக்கு மிகக் கீழே இருக்கும்போது பனிக்கட்டி உலர்ந்து கடினமாக இருப்பதால் ஓரளவு பிடி கிடைக்கிறது. சுழியத்தை நெருங்கும்போதுதான் மேலே மெல்லிய நீர்ப்படலம் படர்ந்து, உலர்ந்த தார்ச்சாலையில் கிடைக்கும் பிடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் மிஞ்சுகிறது. கடுங்குளிரைவிடக் குளிர் இளகும் நாளே ஓட்டுநருக்கு அபாயமானது.

லாரியின் கனம் இந்த இடத்தில் உதவாது. சுமை கூடக்கூடச் சக்கரத்தின் உராய்வு விசை கூடுகிறது; ஆனால் நிறுத்த வேண்டிய நிறையும் அதே விகிதத்தில் கூடுவதால், நிற்கும் தூரம் குறைவதில்லை. ரப்பரின் இயல்பால், அழுத்தம் மிகும்போது உராய்வுக் கெழு சற்றே தாழ்வதும் உண்டு. நின்ற லாரியைக் கிளப்பும்போது மட்டும் கனம் உண்மையிலேயே துணைசெய்கிறது, ஏனெனில் என்ஜினின் விசை சென்றுசேரும் இயக்கு அச்சின் மேல் விழும் எடையே அங்கே கணக்கு. நார்டிக் நாட்டு லாரிகளில் பின்னச்சைத் தூக்கி அதன் எடையை இயக்கு அச்சின் மேல் சாய்க்கும் ஏற்பாடு இருப்பது இதனால்தான். ஏற்றத்தில் ஏறியதையே வண்டியின் திறமைக்குச் சான்றாகக் கொண்டவர்கள், இறக்கத்தில் நிற்க முடியுமா என்பதைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

பனிக்கட்டிக்கென்று பிறந்த விடைகள் இரண்டு. ட்ரெட்டில் கடினமான உலோக முனை பதிந்த ஆணிகளைச் செருகும் ஆணி டயர் 1960களில் வேகமாகப் பரவியது. ஆனால் ஆணி, பனியோடு தார்ச்சாலையையும் அறுத்தது. ஜெர்மனி 1975இல் அதைத் தடைசெய்தது. ஜப்பானின் வடபகுதி நகரங்களில், குறிப்பாக செண்டாயில், அறுபட்ட சாலையின் தூசி மூச்சுக்குத் தீங்காகிப் பெரும் பொதுப்பிரச்சினையாகவே, 1990இல் ஆணி டயரைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே இயற்றப்பட்டது. இரண்டாவது விடை, ட்ரெட் கட்டைகளில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய பிளவுகள். அமெரிக்கரான ஜான் சைப் 1923இல் காப்புரிமை பெற்ற இந்தக் கீறல்கள் ஒவ்வொன்றும் தரையைத் தொடும்போது சற்றே விரிந்து, நீர்ப்படலத்தை உடைத்துப் பல விளிம்புகளால் பனிக்கட்டியைச் சுரண்டுகின்றன. 1988இல் ஜப்பானில் வெளிவந்த பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தின் ‘பிளிசாக்’ டயர், நுண்துளைகள் நிறைந்த ரப்பரால் அந்த நீரை உறிஞ்சி விலக்கும் வழியைக் காட்டியது.

இவை கார்களுக்குப் பொருந்திய அளவு லாரிக்குப் பொருந்தவில்லை. மிருதுவான ரப்பரும் நெருக்கமான கீறல்களும் பல டன் சுமையின் கீழ் நெளிந்து, சூடாகி, சீக்கிரம் தேய்ந்துவிடும். லாரி டயரோ ஏறத்தாழ 8 பார் காற்றழுத்தத்தில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடி, தேய்ந்தபின் உடலைக் காத்துப் புதிய ட்ரெட் ஒட்டி, அதாவது ரீட்ரெட் செய்து, மறுபடியும் ஓட வேண்டிய பொருள். 1952இல் மிஷலின் லாரிகளுக்கு அறிமுகப்படுத்திய ரேடியல் டயர், இழைகளைக் குறுக்குவாட்டில் அடுக்கி ட்ரெட்டைத் தரையில் தட்டையாகப் படியச் செய்ததால் குளிர்காலத்துக்கும் நன்மையாயிற்று. ஏறக்குறைய −70 டிகிரி செல்சியஸ் வரை இறுகிக் கண்ணாடியாகாத இயற்கை ரப்பர், சூடு குறைவாகவும் வலிமை மிகுதியாகவும் இருப்பதால் லாரி ட்ரெட்டின் முதன்மைப் பொருளாக இன்றும் நிலைத்திருக்கிறது. குளிரில் இளகிய தன்மையை இழக்காமல் இருப்பது, அதே தேர்வின் வழியாகக் கிடைக்கும் ஆதாயம்.

அதனால் லாரிக்கு டயர் தேர்வது அச்சுக்கு அச்சு வேறுபட்ட முடிவாயிற்று. இயக்கு அச்சுக்கு ஆழமான பள்ளமும் கீறல் நிறைந்த கட்டைகளும்; ஸ்டியரிங் அச்சுக்குத் திசை காக்கும் சுற்றுவரிகளோடு சேர்ந்த கீறல்கள்; லாரி பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லரான இழுவண்டிக்கு, பழைய வழக்கப்படி, கையில் கிடைத்த டயர். சட்டமும் இதே வரிசையில் வந்தது. சுவீடன் 2013இல் இயக்கு அச்சுகளோடு தொடங்கி 2019இல் ஸ்டியரிங் அச்சையும் சேர்த்தது. ஜெர்மனி ஸ்டியரிங் அச்சை 2020 ஜூலையில் சேர்த்தது. நார்வே மட்டும் தொடக்கத்திலேயே எல்லா அச்சுகளுக்கும் விதித்தது. டயரின் பக்கச்சுவரில் உள்ள ‘எம்+எஸ்’ என்னும் குறி எந்தச் சோதனையும் இன்றித் தயாரிப்பாளரே பொறித்துக்கொள்ளக்கூடியது என்பதால், 1999இல் வட அமெரிக்காவில் அறிமுகமான, மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் ஒரு பனிச்செதில் படம் கொண்ட குறி நம்பத்தக்கதாக ஏற்கப்பட்டது. அதைப் பெற, ஒப்பீட்டு டயரைவிடக் குறிப்பிட்ட அளவு மேலான பிடியை வெண்பனியில் காட்டியாக வேண்டும். எம்+எஸ் குறியை மட்டும் உடைய டயர்களுக்கு ஜெர்மனி அளித்த அவகாசம் 2024 செப்டம்பரில் முடிந்தது. ஆனால் இந்தச் சோதனை வெண்பனியில் நடப்பது. பனிக்கட்டியில் நிற்கும் திறனை அது நேரடியாக அளப்பதில்லை.

இழுவண்டியின் அச்சுகளை ஜெர்மானிய விதி இன்றும் விட்டுவைத்திருக்கிறது. அவசரப் பிரேக்கில் அந்த அச்சுகளின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் இழுவண்டி பக்கவாட்டில் வீசி எதிர்த்திசைத் தடத்தில் புகுந்துவிடும். பின்லாந்து 2013இல் லாரித் தொடர்களின் மொத்த எடையை 76 டன் வரை அனுமதித்திருக்கும்போது, அந்த எடையில் பெரும்பகுதி அமர்வதும் அந்த அச்சுகளின் மேல்தான்.